வாசற்படி இல்லாத வீடு

தரம் 12 இல் புவியியல் பாடத்துக்கென எங்கள் ஆசிரியை தந்த முதலாவது ஒப்படை மிக இலகுவானதாகத்தான் தோன்றியது. "உங்கள் வீட்டின் வரைபடத்தைக் கீறி வாருங்கள். வீடு எங்கே முடிகிறதோ அங்கே கோட்டை நிறுத்துங்கள்" என்றார். அன்றிரவே அடிமட்டமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீடு ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. ஒரு முன்னறை, இரண்டு படுக்கையறைகள், ஒரு குசினி, குளியலறை, உடுப்புக் காயப்போடும் ஒடுங்கிய பல்கனி. இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

இஷாத் தொழுகையை முடித்துவிட்டு வந்த உம்மும்மா தாளை எடுத்து விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார்.

"இது கதவு. வாசல் எங்க மகள்?"

"கதவுதானே உம்மும்மா வாசல்?"

"கதவத் தொறந்தா வாசல் இரிக்கோணும். இங்க தொறந்தா அடுத்த வீட்டுக் கதவுதானே இரிக்கி."

நான் சிரித்துவிட்டுத் தாளைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் படுத்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. நாங்கள் இங்கே குடிவந்தபோது நான் எட்டாம் வகுப்பில் படித்தேன். அன்றிலிருந்து உம்மும்மா கீழே இறங்கிய நாட்களை எண்ணிவிடலாம். வைத்தியசாலைக்கு, பெருநாளைக்கு, இரண்டு மௌத்து வீடுகளுக்கு. பழைய வீட்டில் அவர் ஒரு நாளில் எத்தனை தடவை வெளியே போனார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் வெளியேதான் இருந்தார்.

மறுநாள் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் தந்து, "அப்படியானால் பழைய வீட்டையும் கீறுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் தேடுங்கள்" என்றார். இருபது நிமிட வேலை மூன்று மாத வேலையானது இப்படித்தான். அதில் நான் படித்தறிந்தவற்றையும் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

பழைய வீடு மத்திய கொழும்பில் ஒரு தோட்டத்தில் இருந்தது. வெளியூர்ச் சகோதரிகள் தோட்டம் என்றதும் தேயிலையை நினைப்பார்கள். கொழும்பில் தோட்டம் அல்லது வத்தை என்பது ஒரே முடுக்கின் இருபுறமும் நெருக்கமாக அமைந்த சிறு வீடுகளின் கூட்டம். இவை எப்படி வந்தன என்று தேடினால் துறைமுகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885 இல் வேலை முடிந்தது. அதுவரை காலி பெற்றிருந்த முதலிடம் கொழும்புக்கு வந்தது. கோப்பியும் பிறகு தேயிலையும் இறப்பரும் இங்கே வந்து குவிந்தன. மூட்டை சுமக்கவும் தரம் பிரிக்கவும் வண்டியில் ஏற்றவும் ஆட்கள் தேவைப்பட்டனர். வசதியுள்ளவர்கள் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் நகர, அவர்கள் விட்டுச்சென்ற காணிகளிலும் களஞ்சியங்களுக்குப் பின்புறத்திலும் வரிசை வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறை, ஒரு குடும்பம். குழாயும் கழிவறையும் எல்லோருக்கும் பொது.

உம்மாவின் வாப்பா புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்தவர். அதிகாலையில் நடந்து போவார், பகல் சாப்பாட்டுக்கு நடந்து வருவார். வேலைக்குப் போக அவருக்குச் சல்லி செலவாகவில்லை. புவியியல் படிக்கும் தங்கைமார் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஏழை மனிதர் நகரத்தின் நடுவில் நெருக்கிக்கொண்டு இருப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள். அங்கே இருந்தால் போக்குவரத்துச் செலவு இல்லை. வாடகையையும் பஸ் காசையும் ஒரே கணக்கில் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு வீட்டின் உண்மையான விலை தெரியும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்காமலேயே வீடு மாறினோம்.

உம்மும்மாவுக்கு நடக்க முடியாத தூரத்துக்கு டிராம் இருந்தது. கொழும்பில் மின்சார டிராம் 1899 இல் ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றொன்று பொரளைக்கும் போனது. 1944 இல் மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1953 இல் கம்பியில் ஓடும் டிரொலி பஸ்கள் வந்தன. 1960 இல் டிராம் நின்றுவிட்டது. அப்போது உம்மும்மாவுக்குப் பத்து வயதிருக்கும். பக்கங்கள் திறந்த அந்த வண்டியில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியதை இப்போதும் சொல்வார். மெதுவாகப் போகும் என்பதுதான் அவர் சொல்லும் பெரிய சிறப்பு! பஸ் கம்பனிகள் 1958 ஜனவரி முதலாம் திகதி தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் தரப்பட்டது. இன்று நாங்கள் ஏறும் பஸ், அது எந்த நிறமானாலும், இந்த இரண்டு ஆண்டுகளின் தீர்மானங்களில் ஒன்றிலிருந்து வந்ததுதான்.

இனி வீடமைப்புக்கு வருகிறேன். தோட்டங்களையும் சேரிகளையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் நாடு ஒரே பதிலைச் சொல்லவில்லை. 1979 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. 1984 இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் சிந்தனை, ஆட்களை எழுப்பாமல் இருக்கும் இடத்திலேயே நிலைப்படுத்துவது. காணித்துண்டுக்கு உரிமை, சிறு கடன், குழாய், கழிவறை, வடிகால். வீட்டைக் கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. 1987 ஆம் ஆண்டு வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபையால் அனுஷ்டிக்கப்பட்டதற்கும் இலங்கையின் முன்மொழிவே காரணமாக இருந்தது.

பிறகு சிந்தனை மாறியது. சிறு வீடுகள் பரந்து கிடக்கும் காணி நகரின் நடுவில் இருக்கிறது, அதன் பெறுமதியோ பெரியது. குடும்பங்களை மேல்நோக்கி அடுக்கினால் காணி மிஞ்சும், மிஞ்சியதை விற்றால் வீடு கட்டிய செலவு தீரும். இந்தக் கணக்கின் முதற்பிள்ளை, 2001 இல் பொரளைப் பகுதியில் திறக்கப்பட்ட சஹஸ்புர. 671 வீடுகள் கொண்ட உயர்ந்த தொடர்மாடி அது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு இந்த வேலை மிகப் பெரிதாக நடந்தது. கொழும்பில் 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாக அந்தச் சபை கணக்கெடுத்தது. அவர்களுக்காக நகரின் வடக்கிலும் கிழக்கிலும் பன்னிரண்டு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒரு வீடு 400 முதல் 500 சதுர அடி வரை.

இந்த வீடுகளைப் பற்றி வாசித்த கட்டுரைகளில் இரண்டு வகையைக் கண்டேன். ஒரு வகையில் சேரி ஒழிந்தது, நகரம் அழகானது. மற்ற வகையில் ஏழைகள் பெட்டிக்குள் அடைக்கப்பட்டார்கள். இரண்டையும் எழுதியவர்கள் எங்கள் உம்மாவிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். உம்மாவுக்கு இந்த வீடு பிடிக்கும். வெளிப்படையாகவே சொல்வார். பழைய தோட்டத்தில் இரவு கழிவறைக்குப் போவதென்றால் உம்மா என்னோடு விளக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டும். முடுக்கின் முனையில் யாராவது நின்றால் திரும்பி வந்துவிடுவோம். விடியும்வரை பொறுத்திருந்த இரவுகள் எனக்கும் தெரியும். பெரிய மழை பெய்தால் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்த புத்தகங்களைக் கட்டிலில் ஏற்றுவோம். இன்று எங்கள் வீட்டுக்குள் கழிவறை இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. ஒரு பெண்பிள்ளையின் கண்ணால் பார்த்தால் இது சின்ன விடயமல்ல. உம்மும்மாவிடமும் இதைச் சொல்லி வாதாடினேன். அவர் மறுக்கவில்லை. "அது சரிதான் மகள். ஆனா நான் ஒரு நாளைக்கு எத்தின தரம் கக்கூசுக்குப் போற?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பழைய வீட்டின் படத்தைக் கீறும்போதுதான் அவர் என்ன சொல்கிறார் என்பது விளங்கியது. அறையையும் சிறு குசினியையும் கீறிய பிறகு பென்சிலை எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. சீமெந்துப் படி ஒன்றரை அடி அகலம், அதில் உம்மும்மா இருப்பார். காய்கறி நறுக்குவது அங்கே, அரிசி புடைப்பது அங்கே, நான் ஓதியதும் எழுத்துப் பழகியதும் அங்கே. எதிர்ப்படியில் ஒரு சிங்களத் தாயார் இருப்பார், பக்கத்துப் படியில் தமிழ்க் குடும்பம். தண்ணீருக்கு வரிசை நிற்கும் இடமும் முடுக்கின் முனையிலிருந்த சில்லறைக் கடையும் வீட்டுக்குள் இல்லை. ஆனால் அவை இல்லாமல் எங்கள் வீடு நடக்காது. நான் கடைக்குப் போனால் பத்துக் கண்கள் பார்த்திருக்கும். அதனால் உம்மா தைரியமாக அனுப்புவார்.

இதைச் சொன்னபோது ஆசிரியை ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணியைப் பற்றிக் கூறினார். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் தன் வீட்டு வாசலிலிருந்து தெருவைப் பார்த்துப் பார்த்தே நகரங்களைப் பற்றி 1961 இல் ஒரு புத்தகம் எழுதியவர். நகரத் திட்டமிடலில் பட்டம் பெற்றவரல்ல. தெருவைப் பாதுகாப்பது முதலில் பொலிஸார் அல்ல, படிகளிலும் யன்னல்களிலும் கடைகளிலும் இருந்துகொண்டு இயல்பாகவே பார்த்திருக்கும் கண்கள்தான் என்பது அவர் வாதம். உம்மும்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு ஒரு பொத்தகமா?" என்றார்.

தொடர்மாடியில் அந்தக் கண்கள் எங்கே போயின? மனிதர்கள் மாறவில்லை, பழைய தோட்டத்தில் இருந்த சில குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் குலுக்கல் முறையில் வீடுகள் கிடைத்தபடியால் ஒருவர் இரண்டாம் மாடியில், ஒருவர் பதினோராம் மாடியில். கதவைத் திறந்தால் வெளிச்சம் குறைந்த நடைபாதை. லிப்ட் பழுதானால் திருத்த ஒரு நாளும் எடுக்கும், மூன்று வாரமும் எடுக்கும். படிகளை நான் எண்ணியிருக்கிறேன், ஒன்பது மாடிக்கும் 162. முழங்கால் நோவுள்ள ஒருவருக்கு அது மதில் மாதிரித்தான். லிப்ட் வேலைசெய்யும் நாளிலும் உம்மும்மா இறங்கப் பயப்படுவார். இறங்கிய பிறகு கரண்ட் போனால் எப்படி ஏறுவது?

இப்போது என்னுடைய கதைக்கு வருகிறேன். பழைய வீட்டிலிருந்து எங்கள் பாடசாலைக்குப் பன்னிரண்டு நிமிட நடை. இப்போது இரண்டு பஸ். காலையில் ஆறு மணிக்கு முன்பே இறங்கினால் ஏழேகாலுக்குள் போய்ச் சேரலாம். மாலையில் மேலதிக வகுப்பு இருந்தால் வீட்டுக்கு வரும்போது மஃரிப் கடந்துவிடும். சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது எனக்கு உயர்தரம் படிக்கப் போதிய சித்திகள் இருந்தன. ஆனால் வாப்பா ஒரு கிழமை பேசவில்லை. பிறகு சொன்னார்: "படிப்புக்கு நான் எதிரில்ல மகள். அந்த பஸ்ஸுக்குத்தான்."

வாப்பாவின் பயம் காரணமில்லாததல்ல. இந்த விடயத்தை எங்கள் சஞ்சிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும் என்று ஆசிரியை சொன்னபடியால் எழுதுகிறேன். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு உள்ளானவர்கள் பெண்களில் 90 சதவீதம் எனத் தெரியவந்தது. பொலிஸாரிடம் உதவி கேட்டவர்களோ 4 சதவீதம் மாத்திரமே. நூறு பேரில் தொண்ணூறு பேர் என்றால் இதை வாசிக்கும் தாய்மாரிலும் பெரும்பாலானோர். அவர்களும் மகள்மாரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், மகள்மாரும் அவர்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒரு நாள் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது பாடநேரம் முடிந்து மணியடித்தும் யாரும் எழும்பவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெண்களுக்கான உதவிச் சேவை கிடைக்கும். இந்த இலக்கத்தை நான் பென்சில் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் நெரிசலில் ஒரு பிள்ளை சத்தம்போட்டால் முதலில் அவளைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை நான் சத்தம்போட்டேன். கொண்டக்டர் அந்த ஆளை இறக்கிவிட்டார். அதற்கிடையில் ஒரு வயதான மனிதர், "இந்த நேரத்தில் தனியாக ஏன் வருகிறாய்?" என்று என்னிடம் கேட்டார். பின்னேரம் ஐந்து மணிதான்.

நெரிசல் குறைந்திருந்தால் இந்தத் தொல்லையில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் நீளத்துக்கு 16 நிலையங்களுடன் இலகு ரயில் பாதை ஒன்று ஜப்பானியக் கடனுதவியில் திட்டமிடப்பட்டு, 2020 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அது எங்கள் வீட்டுப் பக்கம் வந்திருக்காது. ஆனால் ஒரு பாதையில் ரயில் வந்தால் மற்றப் பாதைக்குப் பஸ் மிஞ்சுமே என்று ஒரு பேராசை.

கடைசியில் வாப்பாவுக்கும் எனக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மேலதிக வகுப்பு நாட்களில் நானா வேலை முடிந்து இரண்டாவது பஸ் தரிப்பிடத்தில் நிற்பார். நானாவுக்கு அதனால் ஓவர்டைம் போகிறது. இதையும் வீட்டின் விலையில் கூட்ட வேண்டும். எங்கள் மாடியிலேயே என்னுடன் சாதாரண தரம் எழுதிய ஒரு தோழிக்கு நானாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. அவள் இப்போது வீட்டில் தைக்கிறாள். நன்றாகத்தான் தைக்கிறாள். கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி.

பெற்றோருக்கு இன்னொன்று. தரம் 1 அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது வதிவிடமும் பாடசாலைக்கு உள்ள தூரமும் பார்க்கப்படுகின்றன. வீடு மாறினால் பாடசாலையும் மாறலாம். என் தம்பிக்கு நான் படித்த சுற்றுவட்டாரத்தில் இடம் கிடைக்கவில்லை. வீடு மாறுவதற்குக் கையெழுத்து வைக்கும் முன் கடைசிப் பிள்ளையின் வயதையும் யோசிக்க வேண்டும் என்பதை நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம்.

நோன்புப் பெருநாள் அன்று பின்னேரம் உம்மும்மாவைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனோம். அங்கே கடலோர நடைபாதையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. எத்தனையோ தடவை அதைத் தாண்டி இறால் வடைக்காரரிடம் ஓடியிருக்கிறேன், வாசித்ததில்லை. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த இந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காகத் தனக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைக்கிறார் என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நான் அதைத் தமிழில் சொன்னபோது உம்மும்மா நம்பவில்லை. "பொம்பளயளுக்கெண்டே எழுதி இரிக்கா?"

அவர் மனதில் நினைத்த பெண்கள் குதிரை வண்டியில் வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளாகத்தான் இருப்பார்கள். அந்தக் காலத்தில் அதே திடலில் குதிரைப் பந்தயமும் நடந்தது. நாட்டாமிமாரின் மனைவிமார் அவர் கண்ணில் பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் எழுதியது எழுதியதுதானே. அன்று அந்தப் புல்வெளியில் பாய் விரித்திருந்த குடும்பங்களைப் பார்த்தபோது கல்லில் சொன்னபடிதான் நடக்கிறது என்று தோன்றியது. 2022 ஏப்ரலில் நாட்டு மக்கள் குரல் எழுப்பக் கூடிய இடமும் அதுதான். வீட்டுக்குள் கொள்ளாத சந்தோஷமும் கோபமும் போய்ச் சேர ஒரு வெளி தேவைப்படுகிறது. அன்று உம்மும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தார். பக்கத்தில் இருந்த கண்டிப் பக்கத்துக் குடும்பத்தோடு நன்றாகச் சிநேகமாகிவிட்டார். எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் வீட்டுக்கு வரும்போது எங்களுக்கும் பாடமாகிவிட்டது.

ஆனால் காலிமுகத்திடலுக்கு வருடத்தில் எத்தனை நாள் போகலாம்? நாளாந்தம் தேவைப்படுவது ஒன்றரை அடிப் படி. எங்கள் தொடர்மாடியின் கீழே ஒரு வெளி இருக்கிறது. ஒரு கிழமை பின்னேரங்களில் பல்கனியிலிருந்து யார் அதைப் பாவிக்கிறார்கள் என்று குறித்து வந்தேன். முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. மிச்ச இடத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பெண்கள் அதைக் கடந்து போகிறார்கள், நிற்பதில்லை. நின்றால் இருக்க இடமில்லை. ஒரு வாங்கு இல்லை, ஒரு மரம் இல்லை. பையன்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேறு எங்கே இடம்?

உம்மும்மா தன் வாசலைத் தானே உண்டாக்கினார். ஒரு நாள் நான் பாடசாலை விட்டு வந்தபோது ஒன்பதாம் மாடியில் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில், யன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரை போடப்பட்டிருந்தது. அதில் அவர் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லிப்டில் வருகிறவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு மாதத்தில் அங்கே நான்கு கதிரைகள். ஒரு சிங்களத் தாயாரும் இரண்டு தமிழ்ப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். வேலைக்குப் போகும் ஒரு தாய் தன் பிள்ளையைப் பாடசாலை விட்டபின் இவர்களிடம்தான் விடச் சொல்கிறார். தையல் தோழியும் துணியை எடுத்துக்கொண்டு வந்து இருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டது. நடைபாதையில் பொருட்கள் வைக்கக்கூடாது, தீ விபத்து நேர்ந்தால் வழி அடைபடும். அதில் நியாயம் இருக்கிறது. வாப்பா அதை வாசித்துவிட்டுக் கதிரைகளை உள்ளே எடுக்கச் சொன்னார். அன்று பின்னேரம் நான்கு பேரும் ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. கீழே நிழலில் இரண்டு சீமெந்து வாங்கு வேண்டும், லிப்ட் பழுதானால் எத்தனை நாளில் திருத்தப்படும் என்று எழுதிப்போட வேண்டும் என்று ஒரு மகஜர் எழுதினோம். தமிழில் நான் எழுதினேன், சிங்களத்தில் பத்தாம் மாடி அக்கா எழுதினார். நூற்றுக்கு மேல் கையெழுத்து. கொடுத்து நான்கு மாதமாகிறது.

நீங்களும் உங்கள் வீட்டை இப்படிக் கீறிப் பாருங்கள். கொழும்பில்தான் இருக்க வேண்டுமென்றில்லை. சுவர்களைக் கீறிய பிறகு பென்சிலைக் கீழே வைக்க வேண்டாம். வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், முக்கியமாக மூத்தவர்களிடம், நேற்று எங்கெல்லாம் போனீர்கள், எங்கே இருந்தீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று கேட்டுக் கோடு போடுங்கள். வாப்பாவின் கோடும் உம்மாவின் கோடும் ஒரே நீளமாக இருக்காது. எங்கள் வீட்டில் நானாவின் கோடு தாளை விட்டே வெளியே போனது. உம்மும்மாவின் கோடு வீட்டுக் கதவிலிருந்து லிப்ட் வரை.

என் இறுதிப் படத்தில் வீட்டின் சுவர்கள் தாளின் ஒரு மூலையில் சின்னதாக இருந்தன. நடைபாதை, லிப்ட், 162 படிகள், கீழ்வெளி, இரண்டு பஸ் தரிப்பிடங்கள், பாடசாலை வாயில், நானா நிற்கும் மின்கம்பம் எல்லாம் வீட்டோடு சேர்த்தே கீறப்பட்டிருந்தன. நான்கு கதிரைகளுக்கு நான்கு சதுரங்கள். உம்மும்மா பார்த்துவிட்டுத் தன் சதுரத்தை யன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன்.

ஆசிரியை இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி தந்தார். வெட்டிய இரண்டு புள்ளிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் "அளவுத்திட்டம் இல்லை" என்று எழுதியிருந்தார். அது உண்மை, நான் போடவில்லை. மீற்றரில் போட்டால் லிப்டும் பாடசாலையும் பொருந்தி வரவில்லை, நிமிடத்தில் போட்டால் லிப்ட் பழுதான நாளுக்கு வேறு படம் தேவைப்பட்டது. இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் இரண்டு படம் கீறியிருக்க வேண்டும்" என்றார். இரண்டாவதை அடுத்த கிழமை ஒப்படைக்க வேண்டும்.